பெட்ரோல் இல்லை, சூடு உண்டு: மின்சார டர்ட் பைக்குக்கு எந்தக் கூலண்ட்?

“பேட்டரியில ஓடுற வண்டிதானே அண்ணே, அதுக்கு எதுக்கு ரேடியேட்டர்?”

மின்சார டர்ட் பைக்கை முதன்முதலாகக் கிட்டத்தில் பார்க்கிறவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். எரிவதற்கு அதில் பெட்ரோல் இல்லை, புகைபோக்கி இல்லை, என்ஜின் எண்ணெய்கூட இல்லை. ஆனால் சில வண்டிகளின் முன்புறத்தில் உள்ளங்கையைவிடச் சற்றே பெரிய ரேடியேட்டர் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். அதற்குள் ஓடும் திரவம் பெரும்பாலும் ஒரு லிட்டரை ஒட்டியதுதான். அந்த ஒரு லிட்டரைத் தவறாகத் தேர்ந்தெடுத்தால் பல ஆயிரம் வெள்ளி மதிப்புள்ள மோட்டாரும் கன்ட்ரோலரும் பாழாகலாம்.

முதலில் சூட்டுக் கணக்கைப் பார்ப்போம். பெட்ரோல் என்ஜின் தான் குடிக்கும் எரிபொருளில் மூன்றில் ஒரு பங்கைக்கூட முழுதாகச் சக்கரத்துக்குக் கொடுப்பதில்லை. மிச்சமெல்லாம் சூடு. மின்மோட்டார் அப்படியல்ல. நல்ல மோட்டார் தனக்குக் கிடைக்கும் மின்சாரத்தில் 90 விழுக்காட்டுக்குமேல் வேலையாக மாற்றிவிடும். பத்துக் கிலோவாட் இழுத்தால் ஒரு கிலோவாட் அளவுக்குச் சூடாகப் போகும். கேட்கச் சின்ன அளவுதான். ஆனால் ஒரு கிலோவாட் என்பது முழுச் சூட்டில் வைத்த ஓர் இஸ்திரிப் பெட்டி. அதை இறுக மூடிய அலுமினியக் கூட்டுக்குள் வைத்துவிட்டு மணிக்கணக்கில் ஓட்டினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

சாலையில் ஓடும் மின் ஸ்கூட்டருக்கு எதிர்க்காற்றே போதும். ஓசூரிலும் போச்சம்பள்ளியிலும் தயாராகி தமிழ்நாட்டுச் சாலைகளில் ஓடும் மின் ஸ்கூட்டர்களில் பெரும்பாலானவற்றுக்கு ரேடியேட்டரே கிடையாது. டர்ட் பைக்கின் பாடு வேறு. மணலில் சக்கரம் புதையும்போது வேகம் பத்துக் கிலோமீட்டர்கூட இருக்காது, காற்று வீசாது, மோட்டாரோ முழு விசையில் முறுக்கிக்கொண்டிருக்கும். மின்கம்பிச் சுருளில் உண்டாகும் சூடு மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். மின்னோட்டம் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்கு. மேடேறும் அந்த ஒரு நிமிடம்தான் வண்டிக்குச் சோதனை.

சூடு மிஞ்சினால் முதலில் வண்டியே தற்காத்துக்கொள்ளும். கன்ட்ரோலர் மின்சாரத்தைக் குறைத்துவிடும். பாதி மேட்டில் வண்டி சோர்ந்துபோகும். அடிக்கடி அப்படி வறுபட்டால் மோட்டாருக்குள் இருக்கும் நியோடிமியம் காந்தங்கள் நிரந்தரமாகவே வலுவிழக்கலாம். காந்தம் போனால் பழுதுபார்ப்பு என்ற பேச்சே இல்லை, மோட்டாரையே மாற்ற வேண்டியதுதான்.

<b>நம் ஊர்ச் சூடு</b>

சிங்கப்பூரில் பதிவான ஆக அதிக வெப்பநிலை 37 டிகிரி செல்சியஸ். 1983 ஏப்ரலில் தெங்காவிலும், 40 ஆண்டுகள் கழித்து 2023 மே 13ஆம் தேதி அங் மோ கியோவிலும் அது பதிவானது. அன்றாடம் நாம் காண்பது 31 முதல் 33 டிகிரி வரை. ஈரப்பதம் நம்மை வாட்டுகிறதே, வண்டியையும் வாட்டாதா என்று சிலர் கேட்பதுண்டு. நமக்கு வியர்வை உலராததால் ஈரப்பதம் தொல்லை. ரேடியேட்டருக்கு வியர்ப்பதில்லை. அதற்கு வேண்டியது தனக்கும் வெளிக்காற்றுக்கும் இடையே உள்ள வெப்ப வித்தியாசம் மட்டுமே.

அந்த வித்தியாசத்தில்தான் சிக்கல். பெட்ரோல் வண்டியில் கூலண்ட் 90 டிகிரியில் ஓடும். வெளியே 33 என்றால் இடைவெளி 57 டிகிரி; சூடு தானாகவே காற்றில் இறங்கிவிடும். மின்வண்டியில் கன்ட்ரோலருக்குள் இருக்கும் மின்னணுப் பாகங்களைக் காப்பாற்ற, கூலண்டைப் பொதுவாக 65 டிகிரிக்கு மேல் போகவிடுவதில்லை. இடைவெளி 32தான். அதே அளவு ரேடியேட்டரால் ஏறத்தாழப் பாதிச் சூட்டைத்தான் வெளியேற்ற முடியும். குளிர்நாட்டில் இடைவெளி இன்னும் கூடும். அதனால் ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ எழுதப்படும் கூலண்ட் ஆலோசனையை அப்படியே இங்கு எடுத்துக்கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை. அவர்கள் உறைபனியை நினைத்து எழுதுகிறார்கள். நம்முடைய கவலை ஜோகூரின் மதிய வெயில்.

ஜோகூர் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. பதிவு செய்யப்படாத டர்ட் பைக்கைச் சிங்கப்பூர்ச் சாலையிலோ பூங்கா இணைப்புப் பாதையிலோ ஓட்டுவது குற்றம். மின்சாரத்தில் ஓடுகிறது என்பதால் அது மின்சைக்கிள் ஆகிவிடாது. நிலப் போக்குவரத்து ஆணையத்தின் விதிப்படி மின்சைக்கிளின் மோட்டார் 250 வாட்டுக்கும், எடை 20 கிலோவுக்கும், மோட்டார் துணையுடன் செல்லும் வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் உட்பட்டிருக்க வேண்டும். ஆகச் சிறிய டர்ட் பைக்குகளில் ஒன்றான சர்ரான் லைட் பீயே 50 கிலோவை ஒட்டிய எடை கொண்டது. ஆகவே மண்தடத்தில் ஓட்ட ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் கடற்பாலம் கடந்துதான் போகிறார்கள். செம்பனைத் தோட்டங்களின் செம்மண்ணும் சேறும் ரேடியேட்டருக்கு என்ன செய்யும் என்பதைப் பிறகு பார்ப்போம்.

<b>உங்கள் வண்டிக்குக் கூலண்ட் வேண்டுமா?</b>

கடைக்குப் போகும்முன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். லைட் பீ, அமெரிக்காவின் ஸீரோ எஃப்எக்ஸ் போன்றவை காற்றால் குளிர்பவை. அவற்றில் கூலண்ட் ஊற்ற இடமே இல்லை. தலாரியா ஸ்டிங் வண்டியில் திருகி ஊற்ற ஒரு மூடி இருக்கிறதே என்றால், அது கியர் பெட்டிக்கான எண்ணெய். அங்கே கூலண்டை ஊற்றிவிட்டால் பற்சக்கரங்கள் தேய்ந்துபோகும்.

கேடிஎம் ஃப்ரீரைடு இ-எக்ஸ்சி வண்டியின் மோட்டார் திரவத்தால் குளிர்கிறது. கலிஃபோர்னியாவில் தயாரான ஆல்டா ரெட்‌ஷிஃப்ட்டும் அப்படியே. ஆல்டா நிறுவனம் 2018 அக்டோபரில் மூடப்பட்டுவிட்டது. அந்த வண்டியைப் பழையதாக வாங்கி வைத்திருப்பவர்கள் பராமரிப்பைத் தாங்களே கற்றுக்கொள்ள வேண்டிய நிலை. பார்சலோனாவின் ஸ்டார்க் வார்க் வண்டியில் மோட்டாருக்குத் திரவம், மின்கலத்துக்குக் காற்று. கனடாவின் கேன்-ஆம் நிறுவனம் 2024ல் அறிமுகப்படுத்திய ஒரிஜின் ஒருபடி மேலே போய் மோட்டார், இன்வெர்ட்டர், சார்ஜர், மின்கலம் நான்கையும் திரவத்தால் குளிர்விக்கிறது. இந்தியாவிலும் இந்த வழி தொடங்கிவிட்டது. அகமதாபாத்தின் மேட்டர் ஏரா, கியர் வைத்த, திரவத்தால் குளிரும் மின் மோட்டார்சைக்கிள். அது மண்தட வண்டி அல்ல. ஆனால் சூட்டுப் பிரச்சினை ஒன்றுதான்.

இந்தப் பட்டியலில் கவனிக்க வேண்டியது, திரவம் எதைத் தொட்டுச் செல்கிறது என்பது. மோட்டாரின் அலுமினியச் சட்டையைச் சுற்றி மட்டும் ஓடுகிறதா, மின்கலத்துக்குள்ளும் போகிறதா? கூலண்ட் தேர்வே இதைப் பொறுத்து மாறும்.

<b>புட்டியில் என்ன இருக்கிறது</b>

கூலண்ட் என்பது மூன்று பொருள்களின் கலவை: தண்ணீர், கிளைக்கால், அரிப்பைத் தடுக்கும் சேர்மானங்கள். சூட்டைச் சுமப்பதில் தண்ணீரை மிஞ்ச ஆளில்லை. ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க 4.2 கிலோஜூல் வேண்டும். பாதித் தண்ணீர், பாதி எத்திலீன் கிளைக்கால் என்றால் அது சுமார் 3.4 ஆகக் குறைகிறது. அந்தக் கலவை தண்ணீரைவிட மூன்று மடங்கு கெட்டியாகவும் இருப்பதால் சின்ன மின்பம்பு அதைத் தள்ளக் கூடுதலாகச் சிரமப்படும்.

கிளைக்கால் கலப்பதற்கு இரண்டு காரணங்கள் சொல்வார்கள். ஒன்று, குளிரில் உறையாது. நமக்கு அது தேவையே இல்லை. மற்றொன்று, கொதிநிலை உயரும். அதுவும் 65 டிகிரியில் ஓடும் வண்டிக்குப் பெரிய பயன் இல்லை. ஆகவே புட்டியின்மேல் “129 டிகிரி வரை கொதிக்காது” என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பதற்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். உங்கள் மின்வண்டியின் கூலண்ட் 100 டிகிரியைத் தொட்டால் அதற்கு முன்பே வேறு ஏதோ எரிந்திருக்கும். தண்ணீரே சேர்க்காத கூலண்டுகளும் விற்பனையில் உள்ளன. அவை கொதிப்பது 180 டிகிரிக்கு மேல் என்பது உண்மை. ஆனால் அவை சூட்டைச் சுமக்கும் திறன் குறைவு, கெட்டித்தன்மை அதிகம். சின்ன ரேடியேட்டரும் சின்னப் பம்பும் உள்ள மின் டர்ட் பைக்குக்கு அவை பொருந்தாது என்பதே என் கருத்து.

அப்படியானால் வெறும் தண்ணீரே போதாதா? ஒருநாள் பந்தயத்துக்குப் போதும். மோட்டோஜிபி பந்தய விதிகளே கிளைக்காலை அனுமதிப்பதில்லை. தண்ணீர் அல்லது தண்ணீருடன் எத்தில் ஆல்கஹால் மட்டும்தான். கிளைக்கால் தடத்தில் சிந்தினால் வழுக்கும், எளிதில் உலராது. ஆனால் பந்தயக் குழு ஓட்டம் முடிந்ததும் வண்டியைப் பிரித்துத் துடைத்துவிடும். நம் வண்டி மூன்று வாரம் கிடங்கில் சும்மா நிற்கும். அரிப்பைத் தடுக்கும் சேர்மானம் இல்லாத வெறும் தண்ணீர் அலுமினியத்தைத் தின்னத் தொடங்கிவிடும். உதிரும் வெள்ளைத் துகள் ரேடியேட்டரின் நுண்குழாய்களை அடைக்கும்.

எனவே உண்மையில் தேர்ந்தெடுக்க வேண்டியது அந்தச் சேர்மானத்தைத்தான். பழைய வகையில் சிலிக்கேட், பாஸ்பேட் போன்ற உப்புகள் இருக்கும். இரண்டு ஆண்டுகளில் வலுவிழக்கும். கரிம அமில வகை ஐந்து ஆண்டுவரை தாங்கும். இரண்டும் கலந்த வகையும் உண்டு. டெஸ்லா கார்கள் பயன்படுத்தும் ஜி-48 இந்தக் கலப்பு வகையைச் சேர்ந்தது. ஜப்பானிய மோட்டார்சைக்கிள்களைப் பழுதுபார்த்துப் பழகியவர்கள் “சிலிக்கேட் கூடவே கூடாது, பம்பு சீல் தேய்ந்துவிடும்” என்பார்கள். பெட்ரோல் வண்டிக்கு அது சரி. மின்வண்டிகளின் பம்பு பெரும்பாலும் சீல் இல்லாதது. காந்த விசையால் திரவத்துக்குள்ளேயே சுழல்வது. ஆகவே அந்தப் பயம் இங்கு அவ்வளவாகப் பொருந்தாது. கண்டிப்பாகத் தவிர்க்க வேண்டியது டீசல் லாரிகளுக்கான, நைட்ரைட் சேர்த்த கூலண்ட். அது அலுமினியத்துக்கு ஆகாது.

நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள். பச்சை, சிவப்பு, நீலம், இளஞ்சிவப்பு எல்லாம் நிறுவனங்கள் தங்கள் விருப்பத்துக்குப் போடும் சாயம். ஒரே சிவப்பில் இரண்டு நிறுவனங்களின் புட்டிக்குள் வெவ்வேறு சேர்மானம் இருக்கலாம். பொருந்தாத இரண்டைக் கலந்தால் சில சமயம் கூழ்போல் திரண்டுவிடும். வகையை மாற்றுவதென்றால் பழையதை முழுவதும் இறக்கி, அயனி நீக்கிய தண்ணீரால் இரண்டு மூன்று முறை அலசிவிட்டே புதியதை ஊற்ற வேண்டும்.

<b>மின்கலத்துக்குள் ஓடுவது என்றால்</b>

இங்கேதான் பணத்தை மிச்சம் பிடிக்கக் கூடாது. சாதாரண கார் கூலண்ட் மின்சாரத்தை நன்றாகவே கடத்தும். அதன் மின்கடத்துதிறன் சென்டிமீட்டருக்குச் சில ஆயிரம் மைக்ரோசீமன்ஸ். காரணம், அதிலுள்ள உப்புகள். மின்வண்டிகளுக்கென்றே தயாரிக்கப்படும் குறைந்த கடத்துதிறன் கூலண்டில் அது 100 அல்லது அதற்கும் கீழே. குளிர்த்தட்டில் கீறல் விழுந்து உயர் அழுத்த மின்கலத்துக்குள் கூலண்ட் கசிந்தால், சாதாரண வகை மின்கசிவுக்கு வழிவிடும்; தண்ணீர் மின்னாற்பகுப்புக்கு உள்ளாகி ஹைட்ரஜன் வாயு உருவாகும்; குறுக்குச்சுற்று ஏற்பட்டுத் தீப்பிடிக்கவும் கூடும். குறைந்த கடத்துதிறன் வகை இதையெல்லாம் அறவே தடுத்துவிடாது. ஆனால் அவகாசம் கொடுக்கும்.

ஹியுண்டாய் நிறுவனம் தன் மின்கார்களின் மின்கலச் சுற்றுக்கென்றே இப்படியோர் நீல நிறக் கூலண்டைக் கொண்டுவந்தது. 2023 நவம்பரில் திறக்கப்பட்ட ஜூரோங் ஆலையில் அது ஐயோனிக் 5 கார்களைத் தயாரிப்பது வாசகர்களுக்குத் தெரிந்திருக்கும். நம் பட்டறைகளுக்கு இனி இத்தகைய கூலண்ட் புதுமையாக இருக்காது. 2030 முதல் இங்கு புதிதாகப் பதிவாகும் கார்களும் டாக்சிகளும் தூய்மையான எரிசக்தி வகையாகவே இருக்க வேண்டும் என்பதால் அலமாரியில் அந்தப் புட்டிகள் பெருகத்தான் போகின்றன.

மோட்டாரின் வெளிச்சட்டையில் மட்டும் கூலண்ட் ஓடும் வண்டிக்கு இந்த விலையுயர்ந்த வகை கட்டாயமில்லை. தயாரிப்பாளர் கையேட்டில் சொன்ன வகை, அலுமினியத்துக்கு ஏற்றது, முன்கூட்டியே கலந்து விற்கப்படுவது என்றால் போதும். அடர்த்தியாக வாங்கி வீட்டில் கலப்பதில் ஒரு லிட்டருக்கு மிஞ்சும் காசு மிகச் சொற்பம். தண்ணீரில்தான் பலரும் சறுக்குகிறார்கள். குழாய்த் தண்ணீரில் குளோராமினும் குளோரைடும் கால்சியமும் உண்டு. குடிக்க அருமையான தண்ணீர், ரேடியேட்டருக்கு ஆகாது. ஊரில் இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடித்து ஊற்றும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. அதில் தூசும் உலோகத் துணுக்கும் கிருமியும் கலந்திருக்கும். நியூவாட்டர்கூட அயனி நீக்கிய தண்ணீர் அல்ல. அயனி நீக்கியது என்று எழுதியிருப்பதையே வாங்குங்கள்.

இன்னொன்று. ரேடியேட்டர் சூடாகிறது என்று கூலண்டை மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் முதலில் அதன் மெல்லிய தகடுகளைப் பார்க்க வேண்டும். செம்மண் சேறு காய்ந்து அடைத்துக்கொண்டால் உலகின் ஆகச் சிறந்த கூலண்டாலும் பயனில்லை. உயர் அழுத்தத் தண்ணீரைப் பீய்ச்சித் தகடுகளை மடக்கிவிடாமல், தோட்டக் குழாயால் பின்பக்கத்திலிருந்து மெதுவாகக் கழுவுங்கள். புதிய கூலண்ட் ஊற்றியதும் வண்டியை இருபுறமும் சாய்த்து, பம்பை ஓடவிட்டுக் காற்றுக் குமிழிகளை வெளியேற்றுங்கள். வெளியே கசிவு தெரியாமல் கூலண்டின் அளவு மட்டும் இறங்கிக்கொண்டே போனால் அது உள்ளே எங்கோ போகிறது. அப்போது சார்ஜ் போடாதீர்கள், ஆரஞ்சு நிற வயர்களைத் தொடாதீர்கள். வண்டியை அறிந்தவரிடம் கொண்டுபோங்கள்.

<b>இனிக்கும் நஞ்சு</b>

வீவக வீட்டில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு இந்த வேலை செய்கிறவர்களுக்கு ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். எத்திலீன் கிளைக்கால் இனிக்கும். பெரியவர் ஒருவரின் உயிருக்கே ஆபத்து விளைவிக்க ஏறத்தாழ 100 மில்லிலிட்டர் போதும். குழந்தைக்கு அதைவிட மிகக் குறைவு. உடலுக்குள் போனதும் அது ஆக்சாலிக் அமிலமாக மாறிச் சிறுநீரகத்தைக் கெடுக்கிறது. 2022ல் காம்பியாவிலும் இந்தோனேசியாவிலும் குழந்தைகள் பலர் மாண்டதற்குக் காரணமாகச் சுட்டப்பட்ட மருந்துகளில் கலந்திருந்தது இதுவும் இதன் உறவான டைஎத்திலீன் கிளைக்காலும்தான். மிச்சக் கூலண்டைக் குளிர்பானப் புட்டியில் ஊற்றி வைக்கும் பழக்கத்தை இன்றே விடுங்கள். யாராவது குடித்துவிட்டால் அறிகுறிக்காகக் காத்திருக்காமல் 995ஐ அழையுங்கள். இதற்கு முறிவு மருந்து உண்டு. சீக்கிரம் கொடுத்தால்தான் பலிக்கும்.

புரொப்பிலீன் கிளைக்கால் வகை நச்சுத்தன்மை மிகக் குறைந்தது. டர்ட் பைக் ஓட்டுநர்களிடையே பெயர்பெற்ற என்ஜின் ஐஸ் அந்த வகை. கொஞ்சம் கெட்டியானது என்பதால் சூடு கடத்துவதில் ஒரு மாற்று குறைவுதான். கையேடு தடை சொல்லவில்லை என்றால், வீட்டில் சின்னப் பிள்ளைகளோ பூனையோ இருப்பவர்கள் அதையே வாங்கலாம் என்பேன்.

பழைய கூலண்டை என்ன செய்வது? ஜாலான் புசார், தேக்கா வட்டாரத்தில் நடந்து போகும்போது சுங்கை ரோட்டை ஒட்டி ஓடும் ரோச்சோர் கால்வாயைப் பார்த்திருப்பீர்கள். சாலையோர வடிகாலில் ஊற்றுவது அப்படிப்பட்ட கால்வாய்களில்தான் சேரும். ரோச்சோர் நீர் காலாங் வடிநிலம் வழியாக மரினா நீர்த்தேக்கத்தை அடைகிறது. 2008ல் மரினா அணைக்கட்டு திறந்த பிறகு அது கடலுக்குப் போகும் வழி அல்ல, நம் குடிநீருக்கு ஆதாரம். சிங்கப்பூர் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு இப்படி நீர்ப்பிடிப்புப் பகுதியாகவே இருக்கிறது. கிளைக்கால் தண்ணீரில் மக்கும்போது அதிலுள்ள உயிர்வாயுவை உறிஞ்சிக்கொள்ளும். மீன்கள் மூச்சுத் திணறும்.

ஒரு லிட்டர் பழைய கூலண்டைப் பழைய புட்டியிலேயே திரும்ப ஊற்றி, மூடியை இறுக்கி, மேலே பெயரும் தேதியும் எழுதி, வண்டி பழுதுபார்க்கும் பட்டறையில் கொடுங்கள். ரசாயனக் கழிவை எடுத்துச் செல்லும் உரிமம் பெற்றவர்களிடம் கொடுக்கும் ஏற்பாடு அங்கே இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். புதிய கூலண்ட் ஊற்றிய தேதியையும் வகையையும் ஒரு துண்டு ஒட்டுத்தாளில் எழுதி ரேடியேட்டர் மூடிக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். அடுத்த முறை மூடியைத் திறப்பவர் நீங்களாக இல்லாமலும் இருக்கலாம்.